மேல் தாடை இறக்கம்

தமிழ் இலக்கணத்தில் ஈறு என்றால் ஒரு சொல்லின் கடைசி எழுத்து. வாய்க்குள் ஈறு என்றால் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் சதை. இருபத்தாறு வருடமாக முதல் ஈற்றை மட்டும் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவன் நான். இரண்டாவது ஈறு ஒன்று எனக்கும் இருக்கிறது என்பது குளிர்ந்த தண்ணீர் குடித்த ஒரு மத்தியானத்தில்தான் தெரிந்தது. உச்சி மண்டை வரை ஒரு இழுப்பு இழுத்தது. ஆசிரியர் அறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். மேல் வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லைவிட நீளமாக, வேர்ப்பக்கம் மஞ்சளாக, எனக்கே அறிமுகமில்லாத ஆளைப் போல நின்றுகொண்டிருந்தது. விரலால் தொட்டேன், லேசாக ஆடியது.

அன்றைக்கென்று பாடம் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பாடத் திட்டம் போட்டவர்களுக்கு என் மேல் என்ன கோபமோ. 'ஓடாக் குதிரை' என்று எடுத்துக்காட்டுச் சொல்லிவிட்டு, என்னையறியாமல் நாக்கால் அந்தப் பல்லை ஆட்டியபடி, "இன்னொண்ணு யாராவது சொல்லுங்க" என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன் "ஆடாப் பல் சார்" என்றான். முன் வரிசைப் பெண் எழுந்து, "அது தப்பு சார், உங்க பல்லு ஆடுது" என்றாள். இலக்கணப்படி அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. நாற்பது பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் பாடம் நடத்தினேன்.

வெட்கமாக இருந்தது. தினம் மூன்று வேளை, கட்டைத் துடைப்பம் போட்டுத் தரை தேய்க்கிற மாதிரி பல் தேய்த்தவன் நான். வாய்தான் தொழில், அதில் வாடை வரக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே ஒரு பயம். பல் மருத்துவமனைக்குப் போனேன். என்னைப் பார்த்த இளம் மருத்துவர், ஒல்லியான பெண், பரிசோதித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்.

"அழுத்தித் தேச்சே ஈறை விரட்டிட்டீங்க சார். உங்க ஈறு பிறவியிலேயே மெலிசா வேற இருக்கு. மூணு மாசத்துக்குள்ள அண்ணத்துலேருந்து கொஞ்சம் சதை எடுத்து இங்க வெச்சுத் தைச்சுட்டா இந்தப் பல்லு நிக்கும். விட்டா விழுந்துடும்."

"அப்படின்னா நாளைக்கே செஞ்சுடுங்கம்மா."

"எனக்கு ஆட்சேபணை இல்ல சார். ஆனா ஈறு ஆவணப் பிரிவுல கோப்பு முடியணும். முடிஞ்சாத்தான் நான் கத்தியைத் தொடலாம்."

ஈறு ஆவணப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. நீளமான ஒரே அறை. ஒரு பக்கம் சாய்வு நாற்காலி, எதிர்ப்பக்கம் மேசை, நடுவில் காத்திருப்பவர்களுக்குப் பெஞ்சு. மருத்துவர் வாய்க்குள் கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டு ஒரு எண் சொல்ல வேண்டும். பன்னிரண்டு அடி தள்ளி மேசையில் இருக்கும் எழுத்தர் அதைத் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். எழுத்தருக்குக் காது கொஞ்சம் மந்தம். மேசையைப் பக்கத்தில் போடலாமே என்று கேட்டேன். மேசை இருக்கும் இடமும் ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது என்றார்கள்.

"பதினொண்ணு. மூணு, நாலு, மூணு. ரத்தம்."

"ரத்தம் உண்டா, இல்லையா?"

"உண்டு."

"சத்தமாச் சொல்லுங்க!"

"ரத்தம் உண்டு!"

பெஞ்சில் இருந்த ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளப்பு. மனிதனுக்கு இருப்பது முப்பத்திரண்டு பல், ஆனால் இவர்களுடைய எண் நாற்பத்தெட்டு வரை போகிறது. நடுவில் பத்தொன்பது, இருபது எல்லாம் கிடையாது. வாய் திறந்திருந்ததால் என்னால் எதையும் கேட்க முடியவில்லை. ஒரு மணி நேரம் என் வாயைத் தேர்வு முடிவு மாதிரி வாசித்தார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கடைசியில் கையெழுத்துப் போடப் படிவம் வந்தது. அங்கேதான் என் கை சும்மா இருக்காமல் வம்பை விலைக்கு வாங்கியது. படிவத்தில் 'மேல் தாடை ஈறு இறக்கம்: 4 மி.மீ.' என்று அச்சடித்திருந்தார்கள். மேல் தாடையில் ஈறு மேலே போனால்தான் பல் நீளமாகத் தெரியும். மேலே போவது எப்படி இறக்கமாகும்? சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. யோசிக்கவே இல்லை. 'இறக்கம்' என்பதை அடித்துவிட்டு 'ஏற்றம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சுழியும் போட்டுக் கையெழுத்திட்டேன். எழுத்தர் அதைப் பார்த்தார், முத்திரை குத்திக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். எழுத்தர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"வாழ்த்துகள் சார். உங்களுக்கு ஈறு நாலு மில்லிமீட்டர் ஏறியிருக்கு. இந்தப் பிரிவு தொடங்கின நாள்லேருந்து இப்படி ஒரு முன்னேற்றம் பாத்ததில்ல."

"ஐயா, எனக்குப் பல்லு ஆடுது."

"அதை ஆவணம் சொல்லலையே."

கீழ்த்தளத்தில் 'முன்னேற்றம் கண்டோர்' என்ற பலகையில் என் வாயின் படம் மாட்டியிருந்தார்கள். அளந்த அன்று பிளாஸ்டிக் கொக்கியால் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து எடுத்த படம். அடையாளம் தெரியக்கூடாதென்று கண்ணை மறைத்திருந்தார்கள், மூக்கை விட்டுவிட்டார்கள். என் மூக்கை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மறுநாள் வகுப்பில் நுழைந்தபோது கரும்பலகையில் அந்தப் படத்தைக் கொக்கியோடு வரைந்திருந்தார்கள். நல்ல ஓவியம்தான். அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன், பதிவேட்டைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு.

ஏற்றத்தை மறுபடி இறக்கமாக்க மேல்முறையீட்டுக் குழு கூட வேண்டும். அது கூட ஐந்து வாரம் ஆனது. குழு என்றால் பிரிவுத் தலைவர் ஒருவர்தான், ஆனால் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். தலைவருக்கு வாய் நிறையப் பல், ஒவ்வொன்றும் சோறு மாதிரி வெள்ளை. அவர் பேசத் தொடங்கினால் நிறுத்துவதற்கு யாரும் அந்தக் கட்டடத்தில் இல்லை.

"ஆசிரியரே, ஒண்ணு புரிஞ்சுக்கணும். சிகிச்சை யார் வேணும்னாலும் பண்ணலாம். நாங்க சிகிச்சைக்கு முந்தின நிலையைப் பாதுகாக்கிறவங்க. உங்க பல்லு விழுந்துட்டா வேற கட்டிக்கலாம். பதிவு விழுந்துட்டா? போன வருஷம் எண்ணூறு கோப்பு திறந்தோம். ஒண்ணுலகூட ஒரு எழுத்து தப்பில்ல. அந்த எண்ணூறு பேர்ல இன்னைக்கு எத்தனை பேருக்குப் பல்லு இருக்குன்னு கேட்டா என்கிட்ட பதில் கிடையாது. ஏன்? அது எங்க பிரிவு இல்ல."

எழுத்தர் தலையாட்டினார். இளம் மருத்துவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என் சிவப்புத் திருத்தத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். முடிவில் மேல் தாடைக்கு 'மேல்நோக்கிய இறக்கம்' என்றும் கீழ்த் தாடைக்கு 'கீழ்நோக்கிய இறக்கம்' என்றும் இனி எழுதுவதென்று தீர்மானமானது. தலைவர் தீர்மானத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க தமிழாசிரியர். இலக்கணப்படி சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டா கோப்பு நகரும்."

மேல்நோக்கிய இறக்கம். என் மாணவன் எவனாவது எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பேன். நாக்கு தன்னால் போய் அந்தப் பல்லைத் தொட்டது, முன்பைவிட அதிகமாகவே ஆடியது. 'இலக்கண வழுவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருடம் சொல்லிக்கொடுத்ததை ஒரு பல்லுக்காக விட்டுக்கொடுத்த வெட்கம் காது வரை சுட்டது. அதற்கு மேல் வெட்கப்பட என்னிடம் எதுவும் மிச்சமில்லை என்று அப்போது நினைத்தேன்.

அடுத்து காரணப் பத்தி. ஈறு ஏன் பின்வாங்கியது? மூன்று கட்டம்தான்: அலட்சியம், தீய பழக்கம், பரம்பரை.

"அழுத்தித் தேச்சதாலன்னு டாக்டர் சொன்னாங்களே" என்றேன்.

"அதிக அக்கறையால நோய் வந்ததுன்னு எழுதினா ஜனங்க பல்லு தேய்க்கிறதையே விட்டுடுவாங்க" என்றார் தலைவர். "மூணுல ஒண்ணு போடுங்க. அலட்சியம்னா பள்ளிக்கூடத்துக்கு ஒரு அறிக்கை போகும். தீய பழக்கம்னாலும் போகும், சிவப்பு உறையில."

பரம்பரையில் குறி போட்டேன். அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள், இறந்தவர்களுக்கு அறிக்கை அனுப்ப முடியாது என்பதுதான் என் கணக்கு. எழுத்தர் உடனே இன்னொரு படிவம் எடுத்தார்.

"பரம்பரைன்னா ரத்த உறவு ஒருத்தர் நேர்ல வந்து வாயைத் திறக்கணும். அப்பா அம்மா வருவாங்களா?"

"இறந்துட்டாங்க."

"ரெண்டு பேருமா?" என்று கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டார். "கூடப்பிறந்தவங்க?"

அக்கா ஒருத்திதான். என்னைவிட நான்கு வயது மூத்தவள், நூலகத்தில் வேலை. எங்கள் சொந்தத்தில் அக்கா பல் என்றால் ஒரு பேச்சு. அச்சில் வார்த்த மாதிரி வரிசை. எந்த வீட்டு விசேஷத்தில் படம் எடுத்தாலும் அவளைத்தான் நடுவில் நிறுத்துவார்கள். அதனால்தான் எனக்குப் பயம், அவள் பல்லைப் பார்த்தால் பரம்பரை பொய்யென்று தெரிந்துவிடும். ஆனாலும் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என்னடா கேப்பாங்க?"

"ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பல்லைக் காட்டினா போதும். எங்கயாவது ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தாக்கூடப் போதும்கா."

"நான் வரலைன்னா?"

"என் பல்லு போயிடும்."

மறுபடி அமைதி. "வர்றேன்" என்றாள். அந்த இரண்டு அமைதிக்கும் நான் அர்த்தம் தேடவில்லை. விடுப்புக் கிடைக்குமா என்று யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வந்த அன்று, பரம்பரைச் சாட்சியம் அபூர்வம் என்பதால், பயிற்சி மாணவர்கள் எட்டுப் பேரை நோட்டுப் புத்தகத்தோடு சுற்றி நிறுத்தியிருந்தார்கள். பெஞ்சிலும் ஆள். அக்கா சாய்வு நாற்காலியில் கைப்பையை மடியில் பிடித்தபடி உட்கார்ந்தாள். இளம் மருத்துவர் கண்ணாடியை வாய்க்குள் விட்டாள். விட்ட கை அப்படியே நின்றது. அக்காவின் கண்ணைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, "ஒரு மில்லிமீட்டர்னு எழுதிக்கலாம்" என்றாள்.

"எந்தப் பல்லு?" என்று எழுத்தர் பன்னிரண்டு அடி தள்ளிக் கத்தினார். "எண் சொல்லுங்க!"

மருத்துவர் எண் சொல்லவில்லை. அக்கா அவள் மணிக்கட்டைத் தொட்டு, "விடும்மா" என்றாள். எழுத்தரைப் பார்த்து, "கழட்டணுமா?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு மேல் வரிசையைக் கழற்றினாள். பிறகு கீழ் வரிசையை. கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன. எங்கள் அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது இருந்த முகம் அங்கே இருந்தது. பல் செட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். எழுத்தர் எழுந்து வந்து, குண்டூசி டப்பாவின் மூடியை நீட்டி, "இதுல வைங்க" என்றார். மாணவர்களில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

எழுத்தருக்கு வேறு கவலை. "பல்லே இல்லைன்னா எங்கேருந்து அளக்கிறது? ஈறு பின்வாங்கலையே சார், பல்லுதான் பின்வாங்கியிருக்கு."

"வாய்மொழியாப் பதிவு பண்ணுங்க" என்றார் தலைவர்.

"எந்த வயசுல போச்சு?"

"இருபத்தேழு." சொற்கள் அக்காவின் வாயில் வழுக்கின, பாதி காற்றாக வந்தன. எழுத்தர் "சத்தமா!" என்றார். அவள் திரும்பச் சொன்னாள். "ஈறு இறங்கி ஒவ்வொண்ணா ஆடுச்சு. மிச்சத்தையும் எடுத்துட்டாங்க. வேற ஊர்ல. வீட்டுல பயிற்சிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்."

"தகவல் அறிந்தோர் யார் யாருன்னு ஒரு பத்தி இருக்கு."

"யாருக்கும் தெரியாது."

"கணவருக்கு?"

"அடுத்த வருஷம்தான் கல்யாணம். தெரியாது."

இருபத்தேழு வருடம் ஒரே வீட்டில் இருக்கும் அத்தானுக்குத் தெரியாது. அக்கா குளியலறைக்குள் போனால் அரை மணி நேரம் தாழ்ப்பாள் திறக்காது. 'உள்ளே என்னதான் பண்றாளோ' என்று அவர் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து கேலி பண்ணியிருக்கிறேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள், முகத்தை முழுதாகக் காட்டாமல். "உன்கிட்டயாவது சொல்லியிருக்கணும்டா. நம்ம வீட்டு ஈறே இப்படித்தான்னு. முன்னாடியே பாத்திருந்தா உனக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது. வெட்கமா இருந்துச்சு."

நான் பொய்யாகப் போட்ட குறி மெய்யாகிப் போயிற்று. அந்த மூடியில் இருந்த பல்லைப் பார்க்கவும் முடியவில்லை, அக்காவைப் பார்க்கவும் முடியவில்லை.

தலைவர் எழுந்து நின்றார். குரல் தழுதழுத்தது, நிஜமாகவே.

"மாணவர்களே, நல்லாப் பாருங்க. இதுதான் பூரணமான சாட்சியம். ஒரு பல் மிச்சமிருந்தாக்கூட நமக்குச் சந்தேகம் வந்திருக்கும். இந்த அம்மா ஒரு சந்தேகத்துக்கும் இடம் வைக்கல. இவங்களுக்கு நாம என்ன செய்யப் போறோம்? ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா பதிவு பண்ணுவோம். அதுதான் மனிதாபிமானம்."

மாணவர்கள் 'மனிதாபிமானம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

எழுத்தர் படிவத்தின் அடியில் விரலை வைத்தார். "சாட்சியத்தோட நகல் ஒண்ணு சாட்சி வீட்டுக்குப் பதிவுத் தபால்ல போகும். குடும்பத் தலைவர் பேருக்கு. இது விதி."

"என் பேருக்கே அனுப்பக்கூடாதா?" என்று அக்கா கேட்டாள்.

"நீங்க சாட்சி. சாட்சிக்கே எப்படி அனுப்புறது?" பிறகு என்னைப் பார்த்தார். "விண்ணப்பதாரருக்கு ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லலாம். சாட்சியத்தைக் கிழிச்சுடுவோம், நகல் போகாது. கோப்பு முதல் பக்கத்துலேருந்து மறுபடி தொடங்கும்."

மருத்துவர் சொன்ன மூன்று மாதத்தில் பதினோரு நாள் பாக்கியிருந்தது. ஆட்சேபணை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அச்சடித்த படிவத்தில் ஒரு சொல் தப்பாக இருக்கிறது என்று கேட்காமலே சிவப்புப் பேனாவை எடுத்தவன் நான். நாக்கு அந்தப் பல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. தரையில் ஓடுகள் சாம்பல் நிறம், ஒன்றில் விரிசல் இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடியிலிருந்து பல்லை எடுத்தாள், ஒட்டியிருந்த ஒரு குண்டூசியைத் தட்டிவிட்டாள், திரும்பிக்கொண்டு மாட்டினாள். பழைய அக்கா ஆனாள்.

"அனுப்புங்க" என்றாள்.

அன்றைக்கே கோப்பு முடிந்தது. ஒன்பதாம் நாள் இளம் மருத்துவர் தையல் போட்டாள். என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஈறு பிடித்துக்கொண்டது. பல் உறுதியாக இருக்கிறது. பதிவேட்டை இறக்கி வைத்துவிட்டேன், குளிர்ந்த தண்ணீர் குடிக்கிறேன், பிள்ளைகளுக்கும் என் வாயில் சுவாரசியம் போய்விட்டது.

அக்கா ஒருநாள் போன் பண்ணினாள்.

"தபால் வந்துச்சுடா. அவர்தான் வாங்கினார். படிச்சார். மூக்குக் கண்ணாடியைக் கழட்டி மேசையில வெச்சுட்டு வெளிய போயிட்டார். சாயங்காலம்தான் வந்தார்."

"அக்கா..."

"இப்பல்லாம் கழட்டி வெச்சுட்டுத்தான் தூங்குறேன். இத்தனை வருஷம் அதோடவே படுத்து ஈறெல்லாம் புண்ணு. இப்ப வலி இல்ல. அவர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறார். பழகிடும்." மூச்சு விட்டாள். "உன் பல்லு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"இவ்வளவும் அதுக்குத்தானே. வீட்டுக்கு வந்து ஒரு தடவை காட்டிட்டுப் போடா."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு ஞாயிறு போய்விட்டது.